நாலு விரல் திறந்த மடை: இங்கிலாந்துக் கால்வாயில் மகளின் படகில் ஒரு வாரம்

போன ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த மறுவாரம், நானும் எங்கள் வீட்டு சாரும் இங்கிலாந்து போய் வந்தோம். சார் என்றால் என் கணவர். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே சார் என்று கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. லண்டன் பாலம், ராஜா அரண்மனை என்று எழுத இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் அது எதையும் பார்க்கவில்லை. ஏழடி அகலம்கூட இல்லாத ஒரு படகில் ஒரு வாரம் இருந்தோம். அது எங்கள் மகள் ஜெபாவின் படகு. அவளுக்கு வீடும் அதுதான்.

ஜெபா அங்கே நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "எப்பா, வீடு வாங்கிட்டேன்" என்று படம் அனுப்பினாள். சார் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "படகு தெரியுது. வீடு எங்கட்டி?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் போன் போடுவார். முதல் கேள்வியே "வித்துட்டியா?" என்பதுதான். அவள் சுகமாக இருக்கிறாளா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அவர் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊரில் நிரந்தரமாகப் படகு கட்ட இடம் வாடகைக்கு எடுக்காதவர்கள், பதினாலு நாளைக்கு ஒருதரம் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெபா அந்த வகை. "பிள்ளைக்கு விலாசம் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு கதவைத் தட்டுவா?" என்று புலம்புவார். கடைசியில் கிறிஸ்துமஸ் அன்று அவளே ஒரு முடிவு சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரு வாரம் வந்து என்கூட இருங்க. அதுக்கு அப்புறமும் விக்கச் சொன்னீங்கன்னா வித்திருதேன்." சார் மறுநாளே பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார். படகை விற்க வைக்கத்தான் புறப்பட்டார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் வயலில் பிசான நெல்லை, அதாவது வருடத்தின் இரண்டாம் போகத்தை, அறுத்து விற்ற பிறகு கிளம்பினோம். பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் காரில் நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம், வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து பர்மிங்காம். ஆளுக்கு எண்பத்திரண்டாயிரம் ஆனது. விசாவுக்கு ஆளுக்குப் பதினைந்தாயிரத்தை ஒட்டி வந்தது; இது மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு வைத்திருந்தேன். சுங்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆசைப்படாதீர்கள்.

பர்மிங்காமிலிருந்து வுஸ்டர் என்ற ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படகு அங்கேதான் நின்றது. நீளம் ஐம்பத்தேழு அடி. உள்ளே போனால் ரயில் பெட்டியின் நடைவழியில் யாரோ குடித்தனம் வைத்தது போல இருக்கிறது. முன்னால் கரி அடுப்பு, அப்புறம் சின்ன சமையலறை, அப்புறம் குளியலறை, கடைசியில் கட்டில். எங்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஜெபா அடுப்புப் பக்கம் பலகையைப் போட்டுப் படுத்தாள். சார் முதல் நாளிலேயே மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டார். ஒவ்வொரு இடிக்கும், "பாத்தியா?" என்று என்னைத்தான் முறைத்தார். கழிப்பறைத் தொட்டியை நாமே உருட்டிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும் என்று தெரிந்தபோது, வழக்கு ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

படகு ஓடும் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். அதற்கு மேல் போனால் கரை கரையும், கட்டியிருக்கிற படகுகள் ஆடும். ஆள் நடக்கிற வேகம். நான் பாதி தூரம் கரையில் நடந்தே வந்தேன். நாலாவது நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி போகிற தூரம்கூட இல்லை. பஸ்ஸில் போயிருந்தால் ஒரு தூக்கத்துக்குக்கூடப் போதாது.

இதற்குக் காரணம் லாக்குகள். மேட்டில் படகு ஏற ஒரு ஏற்பாடு. இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு கல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்கதவில் தண்ணீர் விடுகிற ஷட்டரைத் தூக்கினால் தொட்டி நிரம்பும், படகு உயரும். பிறகு மேல்கதவைத் திறந்து வெளியே போகலாம். எல்லாம் கையால்தான். வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் சொருகிச் சுற்றித்தான் ஷட்டரை ஏற்றி இறக்க வேண்டும்.

சார் படகைத்தான் வெறுத்தார். லாக்கைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். இதைச் சொல்ல வேண்டும்: எங்கள் வயல் பாளையங்கால்வாயின் கடைசிப் பக்கம் இருக்கிறது. பாபநாசத்தில் அணை திறந்தால் வழியில் எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. மேலே ஒருத்தன் ஷட்டரை இறுக்கி அடைத்தான் என்றால் சார் கொதித்துப்போவார். கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு கலெக்டர் ஆபீசில் அவர் கொடுத்த மனுக்களை எடைக்குப் போட்டால் ஒரு வேளைக் காய்கறி வாங்கலாம். அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஜெபா கைப்பிடியைக் கொடுத்தாள். அதை இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தவர்தான், சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை.

நாலாம் நாள் ஸ்டோக் என்ற ஊர்ப் பக்கம், இரண்டு லாக்குகளுக்கு நடுவே உள்ள சின்னத் துண்டில் படகைக் கட்டினோம். எங்களோடு இன்னும் மூன்று படகுகள் நின்றன. அதில் ஒன்று கெவினுடையது. கெவின் கரி, டீசல், காஸ் சிலிண்டர் எல்லாம் படகிலேயே கொண்டுபோய்ப் படகுக்காரர்களுக்கு விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும், கழுத்து வரை பச்சை குத்திய பெரிய ஆள். ஜெபாவைப் பார்த்ததும் கையை அசைத்தார். நான் சோறு வடிக்கும்போது சார் ஒரு நடை போய் வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு திருப்தி. என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விடிந்தபோது நான் கட்டிலிலிருந்து உருண்டு சார் மேல் கிடந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சமையலறையில் தட்டுகள் ஒரு மூலையில் போய்க் குவிந்திருந்தன. சன்னலைத் திறந்தால் கால்வாயில் தண்ணீரே இல்லை. நடுவில் ஒரு ஓடை, மற்றபடி கறுப்புச் சேறு, அதில் ஒரு பழைய சைக்கிள். நாலு படகும் தரை தட்டிக் கோணலாக நின்றன.

சாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கீழ்த் துண்டுல தண்ணியே இல்லட்டி. வாத்து நடந்து போவுது. பாவமா இருந்துச்சு. கீழ் லாக்குல ஷட்டரை நாலு விரல்தான் தொறந்து விட்டேன். விடியக்காலம் போய் அடைச்சிரலாம்னு நெனச்சேன்."

"எந்தப் பக்கம்ப்பா?" என்றாள் ஜெபா.

"ரெண்டு பக்கமும். அப்பத்தான தண்ணி போவும்."

ஜெபா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எப்பா, இது பாயுத தண்ணி இல்லப்பா. நிக்குத தண்ணி. நிக்கதுக்குன்னே வெட்டின கால்வாய்."

அதற்குள் வெளியே கெவினின் குரல் கேட்டது. யார் ஷட்டரைத் திறந்து வைத்தது என்று ஒவ்வொரு படகாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. கோபம் முழுதாகப் புரிந்தது. அவர் படகில் கரி மூட்டைகள் நிறைய இருந்தன. அவருடையதுதான் ஆழமாகச் சேற்றில் இறங்கியிருந்தது. மேலே இரண்டு படகுகளில் வயதானவர்கள் முந்தின நாளே அடுப்பு அணைந்து கரிக்காகக் காத்திருக்கிறார்களாம். அந்தக் குளிரில் அது விளையாட்டில்லை.

ஜெபா சாய்ந்த படகிலிருந்து தட்டுத்தடுமாறிக் கரையில் குதித்து, "நான்தான். மறந்துவிட்டேன். மன்னியுங்கள்" என்றாள்.

கெவின் நம்பாமல் பார்த்தார். "நீயா? மற்றவர்கள் மூடினார்களா என்று போய்ப் பார்த்து வருகிறவள் நீ. நீயா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த படகுக்காரி ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். நாங்கள் விமானம் ஏறிப் போய்விடுவோம். இந்தப் பெயரோடு இவள் அல்லவா இங்கே இருக்க வேண்டும்? எங்கள் ஊரில் அடுத்தவன் முறையில் மடையைத் திறந்தவன் என்று பெயர் எடுத்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது.

அது சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லுங்கியும் ஸ்வெட்டருமாக வெறுங்காலோடு வெளியே வந்தார். "சார்" என்று கெவினைக் கூப்பிட்டார். அவர் வாயால் இன்னொருத்தரை சார் என்று கூப்பிட்டு நான் கேட்டது பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தபோது மட்டும்தான். "என் மகள் இல்லை. நான். இரண்டு பக்கமும்." நாலு விரலை மடக்காமல் நீட்டிக் காட்டினார். ஏன் என்று கெவின் கேட்டதற்கு வாத்து நடந்ததைச் சொன்னார். எங்கள் வயல் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கெவின் சிரிக்கவில்லை. சேற்றைப் பார்த்தார், சாரின் காலைப் பார்த்தார். பிறகு, "முதலில் செருப்பைப் போடு. வேலை இருக்கிறது" என்றார்.

செருப்பு சாய்ந்த பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வருவதற்குள் ஐந்து பேர் கைப்பிடியோடு லாக்கில் நின்றார்கள். உதட்டைப் பிதுக்கிய பெண்ணும் நின்றாள். ஒருத்தர் கால்வாய் ஆபீசுக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். கீழ் லாக்கை இறுக்கி அடைத்துவிட்டு, மேல் லாக்கில் இரண்டு பக்க ஷட்டரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை இறக்கினார்கள். வேகமாகத் திறந்தால் மேல் துண்டும் வறண்டுவிடும். சார் கெவின் பக்கத்திலேயே நின்று சுற்றினார். நான் எல்லாருக்கும் டீ போட்டு அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். சாய்ந்த அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஜெபா பிடித்துக்கொண்டாள். இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

பதினொரு மணி வாக்கில் படகு ஒரு முறை முனகி, நிமிர்ந்து, மிதந்தது. அந்த நேரத்தில் கரையில் நின்ற எல்லாரும் கத்தினோம். கெவின் உடனே இஞ்சினைப் போட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் சாரைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். அப்போதுதான் சிரித்தார்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு லாக்கிலும் சார் ஷட்டரை அடைத்துவிட்டு, பத்தடி வந்து, திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசி நாள் சாயங்காலம் ஜெபாவே ஆரம்பித்தாள். "சொல்லுங்கப்பா. சொன்ன சொல்லு மாற மாட்டேன். விக்கணுமா?" கரி அடுப்பை ரொம்ப நேரம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

சார் இடுப்பிலிருந்து கைப்பிடியை உருவி மேசையில் வைத்தார். "வித்துரச் சொல்லத்தான் வந்தேன். படகு மேல எனக்கு என்ன கோவம்? ராத்திரி உனக்கு ஒண்ணுன்னா யாரு வருவான்னுதான் உறக்கம் வரல. அன்னைக்குப் பாத்தேன். நான் செருப்பு தேடுததுக்குள்ள அஞ்சு பேரு வந்து நிக்காங்க. அதுவும் தப்பு செஞ்சவனுக்கு. நம்ம தெருவுல வருவாங்களா? இருந்துக்கோ தாயி. ஆனா எனக்காவ இனிமே பொய் சொல்லாத."

அவள் அழுதாள். நானும்தான். சார் எழுந்து வெளியே போகப் பார்த்து கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சொந்தக்காரர் படகு இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். ஜெபா விசாரித்த வரை ஏப்ரலில் நாலு பேர் படகு ஒரு வாரத்துக்கு ஆயிரத்து இருநூறு பவுண்டிலிருந்து இருக்கிறது. ஓட்டுவதற்கு அரை நாளில் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். ஏப்ரல் குளிருக்கு கம்பளிச் சட்டையும் கையுறையும் வேண்டும். இரும்புக் கைப்பிடி வெறும் கையைக் கடிக்கும். முட்டி வலி உள்ளவர்கள் லாக் அதிகம் இல்லாத கால்வாயாகப் பாருங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் தாவாதீர்கள், பைய இறங்குங்கள். எந்த லாக்கைக் கடந்தாலும் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். பாவம் பார்க்காதீர்கள். அங்கே வாத்து நடந்தால் நடக்கட்டும்.

இப்போது ஜூன். பாபநாசத்தில் முதல் போகமான கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், எங்கள் பக்கம் இன்னும் எட்டவில்லை. சார் இந்த வருட மனுவை எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறுவதில்லை.

"எப்பா, நம்ம வயலுக்குத் தண்ணி வந்துட்டா?"

"எங்க வர? அது கெடக்கட்டும். நீ இன்னைக்குப் படகை நகத்துனியா? அடைச்சிட்டியா?"

"அடைச்சிட்டேன்ப்பா."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

அதற்கப்புறம்தான் அவர் தட்டில் கை வைக்கிறார்.