தாய்மாமன் உரிமையும் தம்பியின் மஜ்ஜையும்

என் எட்டு வயதுத் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோதெரபிக்கு அடங்கியது போல் நடித்துவிட்டு, திரும்பி வந்துவிட்டது. இனி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான், அதற்குப் பொருந்தும் ஆள் வேண்டும் என்றார் சென்னை டாக்டர். ஆள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

மாமாவுக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. அவர் அம்மாவின் தம்பி, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விவசாயி. தம்பிக்கு மொட்டையடிக்க மடி கொடுத்தவர், காது குத்தவும் மடி கொடுத்தவர். ஆகவே மஜ்ஜை கொடுக்கும் முதல் உரிமையும் தாய்மாமனுக்கே. மருத்துவ உலகம் இதை இன்னும் கண்டுபிடிக்காதது அவர் குற்றமில்லை. பறிக்க வேண்டிய தக்காளியை அப்படியே விட்டுவிட்டு, சீர் கொண்டுவருபவர் மாதிரி வெள்ளை வேட்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

கூடப் பிறந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். கல்லூரியில் கணக்குப் படிக்கிறேன். தருமபுரியில் பஸ் ஏறி சென்னையில் இறங்குவதற்குள் போனில் ரத்தவியலும் படித்து முடித்திருந்தேன். மாமா நேராக டாக்டரிடமே போய்விட்டார். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

எனக்கு முழுப் பொருத்தம். அவருக்குப் பாதிகூட இல்லை.

கல்யாண வீட்டில் தனக்கு மாலை போட மறந்துவிட்டார்கள் என்பது போல மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஆட்சேபங்கள் வந்தன. பெண் பிள்ளையின் மஜ்ஜை ஏறினால் பையனுக்குக் குரல் மாறிவிடுமாம். கடைசியாக அம்மாவிடம் வந்தார்.

“இடுப்பெலும்புல ஊசி போட்ட புள்ளைய நாளைக்கு எவன்க்கா கட்டுவான்?”

“மொதல்ல எம்பையன் பொழைக்கட்டும்டா,” என்றாள் அம்மா.

எனக்கு மயக்க மருந்து கொடுத்து மஜ்ஜையை எடுத்தார்கள். கண் விழித்தபோது மாடு உதைத்தது மாதிரி இடுப்பு வலித்தது. எடுத்தது ஒரு பையில், வெறும் ரத்தம் போலவே, தம்பிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவ்வளவுதான். படித்த படிப்புக்கு ஒரு மின்னலாவது வெட்டும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

காலைதோறும் பரிசோதனை. தம்பிக்கு வெள்ளை அணு ஏறினால்தான் என் மஜ்ஜை ஒட்டியதாக அர்த்தம்; ஏறவில்லை. மருந்தின் கடுமையில் வந்த வாய்ப்புண்ணில் அவனால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. காலையில் எழுந்திருக்காதது என் மஜ்ஜைக்குப் பிறவிக் குணம் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் வரவில்லை.

ஒரு நாள் ஏறியது. மறுநாளும் ஏறியது. ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார் டாக்டர்.

மாமா போனை எடுத்தார். சொந்தத்தில் ஒருவரையும் விடவில்லை.

“பொண்ணோடதுதாங்க. ஆனா அது எங்க அக்கா பெத்த பொண்ணு. எங்க வூட்டு ரத்தங்க, பின்ன புடிக்காம?”

அதில் பாதி அப்பாவுடையது என்று திருத்த வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்காமலே.