அழிக்க மறந்த படம்

ஒடுகத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வக்காரிடம் போய், "படம் பிரமாதம் பாய், உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாற்று கேமரா, மாற்று பேட்டரி, மாற்று கார்டு, மணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வரை சுமந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறுகிறவரிடம் சொல்கிற பேச்சா அது?

அந்த ஏற்பாடுகளில் மனைவி ஷாஹீனும் ஒன்று. மணமக்கள் வருவதற்கு முன் அவர்களுடைய நாற்காலியில் அவளை உட்காரவைத்து வெளிச்சம் பார்ப்பார். தலையைத் தூக்கு, இப்படித் திரும்பு என்று அதட்டி இரண்டு மூன்று படம் தட்டுவார். சரியாக வந்ததும் அங்கேயே அழித்துவிடுவார்.

"ஒண்ணாவது வெச்சிக்கினா இன்னாங்க?" என்பாள் ஷாஹீன்.

"கார்டுல எடம் வேணாமா? உன்ன ஒரு நாள் ஸ்டூடியோவுல ஒக்கார வெச்சு நல்லா எடுக்கறேன்."

அந்த ஒரு நாள் வரவேயில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் போய்ச் சேர்ந்தாள். சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால்தான் நின்றவள். செல்போனிலும் அவர் எடுத்ததில்லை. மிஞ்சியது ஆதார் அட்டைப் படம்தான். அதில் அவள் யாருக்கோ பயந்தவள் போல இருந்தாள். ஊரார் முகமெல்லாம் எடுத்தவருக்குச் சொந்த மனைவியின் முகம் இல்லை. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

தை மாதம் மலைமேல் அருணகிரி மகளுக்குக் காதுகுத்து. வக்கார் தனியாகப் போய், காலி நாற்காலியை வைத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா வரலியா பாய்?" என்றாள் அருணகிரியின் மனைவி நதியா.

ஷாஹீன் இறந்துபோனதைச் சொன்னார். நதியா உள்ளே போய்த் தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது வக்கார்தான். ஆல்பம் திருப்பத்தூர் கடையில் போட்டு அருணகிரியே போய் வாங்கி வந்தது, வக்கார் அதைப் புரட்டியதே இல்லை.

"கடைசிப் பக்கம் பாருங்க. அக்கா எப்டி இதுல வந்துச்சுன்னு எங்களுக்கே தெர்ல. நல்லா சிரிக்குதேன்னு வுட்டுட்டோம்."

அன்று ஒன்றை அழிக்க மறந்திருக்கிறார். கடைக்காரன் அதையும் சேர்த்து ஒட்டியிருக்கிறான்.

முக்காடு நழுவியிருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவர் கண்ணில் பட்டிருந்தால் அன்றே போயிருக்கும். ஷாஹீன் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. அவள் முகத்தில் வெளிச்சத்தைத்தான் பார்த்திருந்தார்.

"பக்கத்தையே கிழிச்சிக்கோங்க பாய்."

"வேணாம்மா. உங்க ரெண்டு பேர் படமும் அதுலதான இருக்குது. இதயே ஒரு படம் எடுத்துக்கறேன்."

வெளியே மேளம் தொடங்கியது. "பாய் எங்க? கொழந்தய ஒக்கார வெச்சாச்சு!" என்று அருணகிரி கூப்பிட்டான். வக்கார் எதையும் சரிபார்க்காமல் தட்டினார். அவசரத்தில் படம் ஆடிப்போயிருந்தது. ஆல்பத் தாளின் பளபளப்பு அவள் நெற்றியில் வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது.

பழக்கதோஷம், கட்டைவிரல் அழிக்கும் பொத்தானில் போய் நின்றது. வக்கார் அந்தக் கார்டையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாற்று கார்டைச் செருகிக்கொண்டு வெளியே போனார்.