அண்ணன் எடுத்த வில்லா

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குடியிருப்பவர்களுக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று தேவையே இல்லை என்பது வெளியூர் உறவினர்களின் எண்ணம். நாங்கள் ஆண்டு முழுவதும் கடலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக, காலையும் மாலையும் பாலத்தின் மேல் நகராமல் நிற்பதும் காற்று வாங்குவதில் சேர்த்தி போலிருக்கிறது. அதனால், ஷா ஆலாமில் இருக்கும் என் அண்ணன், பள்ளி விடுமுறைக்கு பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு வில்லாவை வாடகைக்கு எடுத்துவிட்டதாகவும், நானும் என் கணவரும் மகளும் அங்கே வந்து தங்கியே ஆக வேண்டும் என்றும் அறிவித்தபோது எனக்கு வியப்பு ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் காரில் அரைமணி நேரம்.

"நாங்க வீட்டிலேர்ந்தே வந்துடறோமேண்ணே," என்றேன் போனில்.

"அதெல்லாம் சரிவராதுலா. எல்லாரும் ஒண்ணா தங்கினாதான் ஹாலிடே. நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன்."

படித்தது இணையத்தில். தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போவது எப்படி என்று யாரோ எழுதிவைத்ததையெல்லாம் தேடிப் படித்து, தினமும் குரல் பதிவாக அனுப்பினார். கேட் திறக்கும்போதே போய் நிற்க வேண்டும். கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமலிருக்க எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட வேண்டும். வில்லாவில் அடுப்பங்கரை இருப்பதால் வெளியே சாப்பிட வேண்டியதில்லை. லாக்கர் வேண்டாம், ஒருவர் பைகளோடு உட்கார்ந்தால் போதும். அந்த ஒருவர் யார், அடுப்பங்கரையில் நிற்பது யார் என்று எந்தப் பதிவிலும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அண்ணி என்று ஒருவர் இருக்கிறாரே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். படத்தில் ஏரிபோல விரிந்து கிடந்த நீச்சல் குளம், நேரில் எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஹால் சுவரில் பிளாஸ்டிக் புல்லை ஒட்டி, அதன்மேல் 'ஆழமாக மூச்சு விடு' என்று ஆங்கிலத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மூச்சை ஆழமாக இழுத்தால் கழிவறை வாடைதான் வந்தது. மூன்று அறைகளில் ஒன்றில்தான் ஏர்கான் ஒழுங்காக ஓடியது. அந்த அறைக்குள் அண்ணனின் பெட்டி ஏற்கெனவே போயிருந்தது.

"எப்படி மாப்ள, செலக்‌ஷன்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"நல்ல காத்து வருது," என்றார் கணவர். மைத்துனரிடம் எதையாவது பாராட்டியே ஆக வேண்டும் என்றால் காற்றைத்தான் பாராட்டுவார்.

அண்ணி அடுப்பங்கரையில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். அரிசிக் குக்கர், மசாலாப் பொட்டலங்கள், அரைத்த மாவு, தாளிக்கிற கரண்டிவரை ஷா ஆலாமிலிருந்து வந்திருந்தது. சுவரில் ஓர் அறிவிப்பு: கனமான சமையல் கூடாது, டுரியான் பழம் கூடாது. அண்ணி அதைக் காட்டி, "என்னாங்க, தாளிக்கலாமா கூடாதா?" என்று கேட்டார்.

அண்ணன் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: "மெதுவா தாளி."

பினாங்குக்கு வந்தவர்கள் இரவில் என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருத்தெருவாகப் போய் வயிறு கொள்ளாமல் சாப்பிடுவார்கள். நாங்கள் அறிவிப்புப் பலகையின் கீழே மெதுவாகத் தாளித்த சாம்பாரைச் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவ நான் போனபோது, அண்ணி, "நீ போய் பிள்ளைங்களோட இரும்மா, இது பரவாலை," என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொல்லி நான் அதிகம் கேட்ட சொல் அந்தப் 'பரவாலை'தான்.

மறுநாள் விடிவதற்குள் அண்ணி எழுந்து எலுமிச்சைச் சாதம் கிளறி, உருளைக்கிழங்கு பொரித்து, டப்பாக்களில் அடைத்திருந்தார். எல்லோரும் பசியாறிவிட்டு வாசலில் நின்றோம். பளீரென்ற பச்சைச் சட்டையில் ஆறு பேர். பறவைப் பூங்காவிலிருந்து தப்பித்த கூட்டம்போல இருந்தோம். கேட் திறக்கும்போதே நிற்க வேண்டும் என்று சொன்ன ஆள் மட்டும் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. ஏழாவது பச்சையாக அவர் வந்தபோது கடற்கரைச் சாலை முழுவதும் ஜாம். அந்த வளைவுகளில் அண்ணனின் சின்ன மகன் வாந்தியெடுத்ததும் அவன் சட்டையை மாற்ற வேண்டியதாயிற்று. பச்சை ஆறானது.

அந்த ஆறும் நிலைக்கவில்லை. தண்ணீர்ச் சறுக்குகளில் பருத்திச் சட்டை போடக் கூடாது, நீச்சல் உடைதான் வேண்டும் என்று வாசலில் இருந்த பெண் சொன்னாள். அதுதான் அந்த இடத்தின் முதல் விதியாம். எல்லாவற்றையும் படித்த அண்ணன் அதை மட்டும் படிக்கவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் உடை இருந்தது. எனக்கும் இருந்தது, நான் சொந்தமாக யோசித்து எடுத்துவந்தது. அடுத்த விதி, வெளி உணவு கூடாது. எலுமிச்சைச் சாதம் திரும்பக் காருக்குப் போனது. மதிய வெயிலில் மூடிய காருக்குள் சாதம் என்ன ஆகும் என்று அண்ணிக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். டப்பாக்களை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு, காரின் பின்கதவை மூடினார்.

உள்ளே போனதும் ஒரு மரத்தடி பெஞ்சைப் பிடித்து, எல்லாப் பைகளையும் அதில் குவித்தார் அண்ணன். "நீ இங்கயே இரு. எங்கயும் போயிடாதே," என்றார் அண்ணியிடம், நாயைக் கட்டிவிட்டுப் போகிறவர்போல.

"நான் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா அண்ணி?" என்றேன்.

"பரவாலைம்மா."

நானும் போய்விட்டேன். மிதவையில் ஏறி, சறுக்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்று, மதியம்வரை இப்படியே போயிற்று. பசி எடுத்ததும் பெஞ்சுக்குத் திரும்பினோம். பெஞ்சு காலியாக இருந்தது. அண்ணியும் இல்லை, பைகளும் இல்லை.

அண்ணன் முதலில் கேட்டது, "பேக்கு எங்க?" என்றுதான். அதை நான் மறக்கப்போவதில்லை. அண்ணியின் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உடனே காவலரிடம் ஓடினார். பை திருடுபோய்விட்டது, மனைவி அதைத் துரத்திக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று மலாயில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். காவலர், "அமைதி அங்கிள், அமைதி," என்று வாக்கிடோக்கியை எடுத்தார். பெரிய மகன் கழிவறைப் பக்கம் ஓடினான். நானோ, அண்ணி வெயிலில் மயங்கி எங்காவது விழுந்திருப்பாரோ என்றுதான் பயந்தேன்.

என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, அத்தை அங்க மேல நிக்கிறாங்க."

அங்கே இருந்த சறுக்குகளிலேயே உயரமானதன் படிக்கட்டில், வரிசையின் முன்பக்கம், முழுக்கை நீச்சல் உடையில் அண்ணி நின்றார். கடையின் விலைச்சீட்டு முதுகில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கீழேயிருந்து கத்தினார். அண்ணிக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. முறை வந்ததும் கைகளை மார்பில் குறுக்கே கட்டிப் படுத்தார், சறுக்கி வந்தார். பெரிய சத்தத்தோடு தண்ணீரில் விழுந்து மூழ்கினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, தலையை உயர்த்தாமலே நீளமாகக் கைபோட்டு நீந்தி கரைக்கு வந்தார். நன்றாக நீச்சல் தெரிந்தவர் நீந்துகிற விதம்.

"பேக்கு?" என்றார் அண்ணன்.

"லாக்கர்ல வச்சிட்டேன். போனும் அதுலதான்." தலைமுடியைப் பிழிந்தார். "இது மூணாவது தடவைங்க. நல்லா இருக்கு. நீங்களும் போங்களேன்."

காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

இவ்வளவு பேர் முன்னால் அப்படிக் கேட்டபிறகு அண்ணன் போகாமலிருக்க முடியுமா? நீச்சல் உடை வாங்கிப் போட்டுக்கொண்டு படியேறினார். அவருக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது மலைப்பக்கம் இடி இடித்தது. விசில் ஊதி எல்லாச் சறுக்குகளையும் மூடிவிட்டார்கள். கொட்டுகிற மழையில், கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக அண்ணன் இறங்கிவந்தார். முகத்தில் ஏமாற்றத்தைக் காட்ட நிறையவே முயற்சி செய்தார். நிம்மதிதான் தெரிந்தது.

வில்லாவுக்குத் திரும்பியதும், பழக்க தோஷம், "ராத்திரிக்கு என்னா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. நான் சமைக்கல," என்றார் அண்ணி, குளத்துக்குள் இறங்கியபடியே.

ஊருக்குள் போய் நாசி கண்டார் கடையில் சோறு சாப்பிட்டோம். மீன்தலைக் கறியும் வெண்டைக்காயும் எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றச் சொல்லி, வேறொருவர் சமைத்ததை அண்ணி கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். அண்ணன் எதிரே உட்கார்ந்து, எண்ணெய் அதிகம் என்றார். இரண்டாவது முறையும் சாதம் வாங்கினார்.

ஞாயிறு காலை, வில்லாவைக் காலி செய்யும் முன், நானும் அண்ணியும் அந்தக் குட்டிக் குளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தோம்.

"எங்க அண்ணி நீந்தக் கத்துக்கிட்டீங்க?"

"தைப்பிங்ல, ஸ்கூல் படிக்கிறப்ப. மாநிலத்துக்கு நீந்தியிருக்கேன்மா. கப்பெல்லாம் அம்மா வீட்டுலதான் கிடக்கும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அவர் தண்ணீரைக் காலால் அளைந்தார். "அவரு கேட்டதில்ல."

உள்ளே அண்ணன், வீட்டுக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வாரோ என்ற பயத்தில், தாளித்த வாடை போக ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒரு துண்டால் காற்றை வெளியே விரட்டிக்கொண்டிருந்தார். அதில் யாரும் அவருக்கு உதவப் போகவில்லை.

இப்போது அண்ணி ஷா ஆலாமில் பொது நீச்சல் குளத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறார். அந்த நாட்களில் அண்ணன் வெளியே வாங்கிச் சாப்பிட்டுக்கொள்கிறார். அன்று மழை மட்டும் வராமலிருந்தால் தானும் சறுக்கியிருப்பேன் என்று இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுப்பதில்லை. யாரும் நம்புவதுமில்லை.