குன்வோரின் தேதியை ஏற்காத கணினி

கிறிஸ்தியான்சுந்த் துறைமுகத்தில் எங்கள் படகு கம்பெனிக்குத் தட்டச்சர் குன்வோர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதே இடத்தில்தான் இருந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோனது, மகளை ஓஸ்லோ கொண்டுபோனது. அவளுக்கென்று மிச்சம் அந்த வேலைதான். தட்டும்போது விரல்களைப் பார்க்கவே மாட்டாள். டிக்கெட் கவுண்டரில் இருந்த எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

எண்பத்திரண்டில் முதல் கணினி வந்தது. சரக்கு விவரங்களை அதில் ஏற்றச் சொன்னார்கள். குன்வோர் தேதியைத் தட்டினாள். 'இப்படி ஒரு தேதி இல்லை' என்றது திரை. மறுபடி தட்டினாள். இல்லையாம். காகிதத்தில் இருந்ததுதான் பச்சை எழுத்தில் திரையிலும் இருந்தது, ஒரு புள்ளி பிசகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைய தேதியையே இல்லை என்று சொல்ல ஒரு பெட்டிக்கு என்ன துணிச்சல்!

கணினி வாங்கிய பெர்கன் கடைக்கு போன் போட்டோம். கணினி விற்றவன், "மெஷின் தப்பே பண்ணாதுங்க. நாங்க அடிச்சுக் காட்டினப்போ எடுத்துச்சே? அந்தம்மாவைச் சரியா அடிக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

வாரம் முழுக்க இதே கூத்து. குன்வோர் மதிய ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஐவின் வந்தார்.

"குன்வோர், திங்கள்லேருந்து நீங்க படகுச் சமையல்கட்டுக்குப் போயிடுங்க. இங்க வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"என்ன சொல்றீங்க ஐவின்? இது ஒன்னுதானே எனக்குத் தெரியும்!"

"அதான் பார்க்கறேனே, தெரிஞ்ச லட்சணத்தை! தள்ளுங்க, எப்படி அடிக்கறதுன்னு நான் காட்டறேன்."

கடற்படை அலுவலகத்தில் தட்டச்சு பழகியவர் அவர். அந்தப் பெருமையை வாய் ஓயாமல் பேசுவார். உட்கார்ந்து, விரல்களை நெட்டி முறித்து, தேதியைத் தட்டினார்.

'இப்படி ஒரு தேதி இல்லை.'

மறுபடி தட்டினார். இந்த முறை நான் திரையை விட்டு அவர் விரலைப் பார்த்தேன். ஒன்று என்ற எண்ணுக்கு அது மேல் வரிசைக்குப் போகவே இல்லை. நடு வரிசையில் இருந்த சின்ன 'எல்' (l) எழுத்தை அழுத்தியது. பழைய தட்டச்சு மெஷின்களில் ஒன்றுக்கென்று தனி விசை கிடையாது, அந்த எழுத்துதான் ஒன்று. அதில் பழகிய கை வேறெங்கே போகும்? நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடு. கணினிக்கு எழுத்து வேறு, எண் வேறு.

"ஐயோ, நீங்க அடிக்கறது ஒன்னே இல்ல, எல்லு!" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய் எல்லை அழித்துவிட்டு, மேல் வரிசையில் கைபடாமல் கிடந்த ஒன்றை நானே அழுத்தினேன். திரை வாயை மூடிக்கொண்டு தேதியை ஏற்றுக்கொண்டது.

"அட, இவ்வளவுதானா..." என்று ஐவின் இழுத்தார். காது மடல்வரை சிவந்திருந்தார்.

ஐவினை ஒருமையில் பேசி நான் ஒருநாளும் கேட்டிராத குன்வோர், நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"எந்திரி ஐவின். இது என் இடம்."