அவமதிப்பு என்று அத்தை சொன்ன நாள்

நீதிமன்றத்தில் என் அத்தைக்கு எதிரொலி என்று பெயர். வராந்தாவில் கோப்பு தூக்குகிறவர்கள் வைத்த பெயர் அது. அத்தை அங்கே மொழிபெயர்ப்பாளர். நீதிபதி ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று இழுக்கக் கூடாது. திருடியவன் 'நான் திருடினேன்' என்றால் அத்தையும் 'நான் திருடினேன்' என்றே சொல்ல வேண்டும். காலையில் அடிபட்ட மனைவியாக இருப்பார், மதியம் அடித்த கணவனாக. ஊர்ப் பாவத்தையெல்லாம் தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டு, மாலையில் வந்து துணி மடிப்பார்.

தனக்காக ஏதாவது பேச வேண்டியிருந்தால் மட்டும் 'நான்' வராது. 'மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்' என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேச வேண்டும். மாமா இதை வைத்தே வீட்டில் ஓட்டுவார்.

"மொழிபெயர்ப்பாளருக்குக் காப்பி வேணுமா?"

"வேணும். போடறவரு இன்னைக்காவது சர்க்கரை போடணும்னு மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கறார்."

இன்னொரு விதியும் உண்டு. வழக்கு முடியும்வரை வழக்காடுகிறவர்களோடு வெளியில் பேசக் கூடாது, ஒரு வணக்கம்கூட. பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'இந்த அம்மா அந்தப் பக்கத்து ஆள்' என்று சொல்லி, அத்தை மொழிபெயர்த்த சாட்சியத்தையே செல்லாததாக்கிவிடலாம்.

அன்று அத்தை காய்ச்சலிலிருந்து எழுந்து வேலைக்குப் போனதால் துணைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஒரு பெண் நின்றாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கணவனைப் பிரிந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் பையனை அவனிடம் கொண்டுபோய் விட வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. மூன்று வாரமாக விடவில்லை என்று அவன் மனுப் போட்டிருந்தான். குற்றம் நிரூபணமானால் அவள் சிறைக்குப் போகலாம். பையன் அவனிடம் போய்விடுவான். அவளுக்கு வக்கீல் இல்லை.

ஆங்கிலத்தில் அந்தக் குற்றத்துக்குக் கன்டெம்ப்ட் என்று பெயர். அன்றாடப் பேச்சில் அது மனசுக்குள் இருக்கும் இளக்காரம். சட்டத்திலோ, பெரும்பாலும், போட்ட உத்தரவைத் தெரிந்தே மீறுவது. மீறியவர் மனசுக்குள் கோர்ட்டைக் கோயிலாகவே நினைத்திருக்கலாம்; அதனால் குற்றம் இல்லாமல் போகாது.

"இந்தக் கோர்ட்டை நீங்க அவமதிச்சதா மனு வந்திருக்கு. என்ன சொல்றீங்க?" என்றார் அத்தை.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, நானா? சாமியா நினைச்சுல்ல வந்து நிக்கறேன்! செருப்பைக்கூட வாசல்லயே விட்டுட்டு வந்தேங்க."

உண்மைதான். வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

பையனை ஒப்படைத்தீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"ஒப்படைக்கலைங்க. ஆனா அதுல மரியாதைக் குறைவு ஒண்ணுமே இல்லைங்க."

அதற்கு அவள் கணவன் மூக்கால் சிரித்தான். தரையில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. நீதிபதி எழுத ஆரம்பித்தார். மேற்கொண்டு சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டபோது அவள் திரும்பவும் மரியாதையைப் பற்றியே சத்தியம் செய்தாள்.

அத்தை அதை மொழிபெயர்க்க வாயெடுத்து, நிறுத்திவிட்டார். எதிரிலிருந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி கேட்கிறார். தான் சொன்ன 'அவமதிப்பு' என்ற சொல்லைக் கேட்டு, இந்தப் பெண் தன் மனசு மேல் குற்றம் சாட்டியிருப்பதாக நினைத்துவிட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் கருதுகிறார். பிழை மொழிபெயர்ப்பாளருடையது. கேள்வியை எளிய சொற்களில் மறுபடி கேட்க வேண்டுகிறார்."

கணவனின் வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு அத்தையைப் பார்த்தார். இந்த வகை வழக்குகளில் இதுவரை எந்தச் சொல்லைச் சொல்லிவந்தீர்கள் என்று கேட்டார்.

"இதையேதான்" என்றார் அத்தை.

நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்டு கேள்வியை மாற்றினார்.

"பையனை விடணும்னு உத்தரவு போட்டிருக்கு. ஏன் விடலை?"

"அதையா கேக்கறீங்க? மூணு வாரமும் கூட்டிட்டுப் போனேங்க. வீடு பூட்டியிருந்துச்சு. மாத்திட்டுப் போயிட்டாராம், எங்கன்னு எனக்குச் சொல்லலை. பக்கத்து வீட்டம்மாதான் புள்ளைக்குத் தண்ணி குடுத்தாங்க."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"இங்க நின்னு அவரைக் குறை சொன்னா அதுவும் அவமதிப்பா ஆயிடுமோன்னு பயமுங்க."

பக்கத்து வீட்டம்மாவை அடுத்த வாரம் சாட்சிக்கு அழைத்துவரச் சொல்லி நீதிபதி எழுந்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் பையனோடு எங்களிடம் வந்தாள்.

"அக்கா, நல்ல வேளை நீங்க இருந்தீங்க."

அத்தை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா?"

பையன் நிமிர்ந்து பார்த்தான். "இவங்களுக்குக் காது கேக்காதாம்மா?"

"கேக்கும்டா. நம்மகூடப் பேசறதைக் கேவலமா நினைக்கறாங்க. வா."

இருவரும் நிறுத்தத்தின் மறுகோடிக்குப் போய் நின்றார்கள். நான் எழப் பார்த்தேன். அத்தை என் மணிக்கட்டை அழுத்தினார். காய்ச்சல் திரும்பியதுபோல அந்தக் கை சுட்டது.

"நான் போய் விஷயத்தைச் சொல்லிட்டு வரட்டுமா அத்தை?"

"நீ என்கூட வந்தவன். நீ பேசினாலும் நான் பேசின மாதிரிதான். நினைச்சுக்கட்டும் விடு. புள்ளை அவகிட்ட இருக்கணும்."

அன்று இரவு மாமா நீட்டிய காப்பியை அத்தை குடிக்கவில்லை. "எத்தனை பேரு இப்படியே மனசைக் காட்டிட்டு உள்ள போயிருப்பாங்களோ" என்றார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டம்மா வந்து நடந்ததைச் சொன்னார். மனு தள்ளுபடியானது. அந்தப் பெண் கடைசிவரை அத்தை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதி எழுந்ததும் அத்தை வாசலுக்கு வேகமாக நடந்தார். அவள் அங்கே பையனோடு நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசக் கூடாதும்மா. பேசியிருந்தா உன் கேஸ்தான் கெட்டிருக்கும்."

அவள் ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தாள். "அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"அதைச் சொல்லவும் பேசணுமே."

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, பையனின் முதுகில் கை வைத்து லேசாக முன்னே தள்ளினாள்.

"இவங்களுக்குக் காது கேக்குதுடா. போய்ட்டு வரேன்னு சொல்லு."