நாலு கிடாரிக்கும் ஒரே கும்பிடு

லக்சிகா யாரையாவது கட்டிப்பிடித்தால் அவளுடைய பெருவிரல் மட்டும் தனியே வேலை செய்யும். விலா எலும்பைத் தேடி மெல்ல அழுத்தும். தோலுக்கு அடியில் கொழுப்பு எவ்வளவு என்று கை பட்டதும் சொல்ல இந்தக் கண்டத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. சரி, கண்டம் கொஞ்சம் பெரிது. எங்கள் ஊரின் கிளென் வேவர்லி ரயில் பாதையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை. தெருவில் மற்றதுகள் எல்லாம் பல்லுக்கும் கண்ணுக்கும் வைத்தியம் படிக்க, இவள் விவசாயக் கல்லூரியில் மாடு மதிப்பிடப் படிக்கிறாள். நாலு மாட்டை நிறுத்துவார்கள். நடையைப் பார்த்து, முதுகைத் தடவி, வரிசைப்படுத்தி, காரணத்தைக் குறிப்புப் பாராமல் நடுவரிடம் சொல்லவேண்டும். கடைசியாக வைத்த மாட்டிடமும் உள்ள நல்லதைச் சொல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.

அந்தப் பழக்கம் குசினிவரை வந்துவிட்டது. "மூண்டாவது தோசை கருகினதுதான். ஆனா விளிம்பு மொறுமொறுப்பு இதுக்குத்தான்" என்பாள்.

"உனக்கு மாப்பிள்ளை பாக்கேக்க நாலு பேரை வரிசையில நிப்பாட்டுறன்" என்றாள் தாய் ரஞ்சினி.

"நடக்கவும் விடுங்கோ அம்மா. கால் பாக்கோணும்."

போன மாதம் கல்லூரி அணிக்கு ஆள் எடுத்தார்கள். நாலே இடம், அதில் ஒன்று கிடைத்தால்தான் சிட்னிப் போட்டி. லக்சிகா முன்பே இரண்டு தரம் தவறியவள். இது கடைசி வருடம்.

அன்றைக்கு நிறுத்தியவை இன்னும் கன்று போடாத நாலு கிடாரிகள். ஒவ்வொன்றின் வாலடியையும் தடவியவள், தடவிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனாள். கோயில் பசுவைத் தொட்டால் செய்கிற வேலை. கை தானாகவே செய்துவிட்டது. போட்டியிலோ மற்றப் போட்டியாளருக்குச் சைகை காட்டினால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

யாருக்குச் சைகை என்று நடுவர் கேட்டார். மாட்டுக்கு என்றாள் இவள்.

எந்த மாட்டுக்கு? நாலுக்கும்.

கடைசியாக வைத்ததற்குமா? அதுவும் மாடுதானே.

 சரி, காரணத்தைச் சொல் என்றார் நடுவர். சொன்னாள். நாலாவது கிடாரி மெலிவுதான், ஆனால் அதன் நடைக்கு முன்னால் மற்ற மூன்றும் நிற்க மாட்டா என்று முடித்தாள். நடுவர் எழுந்து, தானும் கிடாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லக்சிகா முதலாவதாக அணிக்குத் தேர்வானாள்.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி, பிழை இருந்தால் பார் என்று அவளிடமே நீட்டினேன். கதிரையின் கையில் உட்கார்ந்து வாசித்தாள்.

"அந்த மனிசன் தொப்பியைச் சரி செய்தவர் அன்ரி, அவ்வளவுதான். நான் முதலாவதும் இல்லை, நாலாவது. முதலாவதா வந்தவள் என்னைவிடத் தெளிவாக் கதைச்சவள். அதைச் சொல்லத்தான் வேணும்."

பேனையை வாங்கினாள். 'முதலாவதாக' என்பதை வெட்டி, மேலே 'நாலாவதாக' என்று எழுதி, அந்தச் சொல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.