செக்கானூரணிப் பக்கம் ஒரு கிணறும் என் வலது தோளும்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தின் சனிக்கிழமை, ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி நீந்தப் போனேன். போனது நீச்சல் குளத்துக்கு இல்லை. செக்கானூரணிக்கு அருகே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு. அடிபட்டு எழுந்து, விட்ட விளையாட்டை மறுபடி தொடத் தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிணற்றில் நீந்திப் பார்க்க ஆசைப்படும் மற்றவர்களும் படிக்கலாம்.

நான் சின்ன வயதிலேயே நீச்சல் பழகியவள் இல்லை. பசுமலையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முப்பத்தேழு வயதில், நகரத்தில் ஒரு குளத்தின் பெண்கள் நேரத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்று கற்றுக்கொண்டேன். அதன்பின் ஆறேழு வருஷம் வாரம் தவறாமல் நீந்தினேன். ஒரு மழைக்கால மாலையில் ஜல்லியில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது தோள் மூட்டு விலகி எலும்பும் விரிசல் விட்டது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பிசியோதெரபி, எல்லாம் முடிந்தது. "நீந்தலாம்மா, கையைத் தலைக்கு மேல வீசுறத மட்டும் அவசரப்படாம செய்ங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னது தோளுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. டிசம்பரில் பழைய குளத்துக்குப் போய், நாலடித் தண்ணீரில் ஓரக் கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிட்டு வந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தொப்பென்று குதித்தாள். அவள் என்மேல் விழவில்லை, தண்ணீர்தான் தெறித்தது. அதற்கே என் தோள் காது வரை ஏறிக்கொண்டது. அழுகை வரும் முன்பே மேலேறிவிட்டேன்.

ஆசிரியர் அறையில் இதைக் கணக்கு டீச்சர் தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். செக்கானூரணிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவளுடைய அப்பா கொடுத்த தோட்டத்தில் ஒரு கிணறு இருக்கிறது. நடக்கப் பழகிய கையோடு நீந்தவும் பழகியவள்.

"குளத்துல கூட்டமா இருக்கும் கிரேஸ். எங்க கிணத்துக்கு வா. நீயும் நானும் மட்டுந்தான். எங்க வீட்டுக்காரரு மேல நிப்பாரு. ஆனா அவர நம்பி இறங்கிராத, அவருக்கு நீச்சல் தெரியாது."

கிணறு வைத்திருப்பவருக்கே நீச்சல் தெரியாதா என்று கேட்டதற்கு, "மானாவாரிக் காட்டுல வளர்ந்த மனுசன். கிணறே என்னைய கட்டுனப்பதான் வந்துச்சு" என்றாள்.

பசுமலை நிறுத்தத்தில் காலை எட்டரைக்குத் திருமங்கலம் போகும் டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநகர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்துவிடும். திருமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து செக்கானூரணி பஸ். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. காளவாசலில் ஏறித் தேனி சாலையிலும் வரலாம். நான் இந்தப் பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம், கூட்டம் குறைவு. இடிபடாமல் போவதுதான் அன்றைக்கு எனக்கு முக்கியம்.

செக்கானூரணியிலிருந்து கிராமத்துக்கு நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். எதற்குப் போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார். மறைக்கத் தோன்றாமல், கிணற்றில் குளிக்க என்றேன்.

"பசுமலையில இருந்தா? அம்புட்டுத் தூரத்துல இருந்து குளிக்கவா வாரீங்க? அங்கிட்டு தண்ணி வரலையாக்கா?"

நான் சிரித்துவிட்டேன். இருபுறமும் அறுத்து முடித்த நெல் வயல், அதில் மேயும் வெள்ளாடுகள், நடுநடுவே மல்லிகைத் தோட்டங்கள். தூரத்தில் நாகமலை நீட்டிப் படுத்திருந்தது.

செல்வியும் அவள் கணவர் கருப்பையா அண்ணனும் கிணற்றடியில் காத்திருந்தார்கள். அண்ணன் மோட்டார் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை என்னிடம் காட்டினார். நல்ல மழை பெய்த வருஷம் என்பதால் தண்ணீர் மேலே ஏறியிருந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகளில் எட்டு இறங்கினால் தண்ணீர். ஆழம் மூன்று ஆள் மட்டம். குளத்தின் நீல ஓடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கரும்பச்சை பயமாகத்தான் இருந்தது.

"ஆழத்த நினைக்காத. தண்ணில படு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுச் செல்வி சுடிதாரோடு குதித்தாள். மறுகரையில் தலை தெரிந்தது.

எனக்கு அண்ணன் ஐந்து லிட்டர் காலி எண்ணெய்க் கேன்கள் இரண்டை மூடி இறுக்கி, முதுகில் கயிற்றால் கட்டிவிடும்படி செல்வியிடம் கொடுத்திருந்தார். அவள் நீந்தி வந்து படியில் வைத்துக் கட்டிவிட்டாள். இடுப்பில் இன்னொரு கயிறு. அதன் முனை மேலே அவர் கையில். ஆறேழு வருஷம் நீந்தியவள் முதுகில் கேன் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெட்கப்பட நேரமில்லை, பயமே போதுமானதாக இருந்தது.

முதல் முயற்சி படுதோல்வி. பழக்க தோஷத்தில் வலது கையைத் தலைக்கு மேல் வீசினேன். பாதியில் தோள் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொண்டேன், முகம் உள்ளே போனது, மூக்கில் தண்ணீர். கேன்கள் என்னை மிதக்க வைத்திருந்தும் மூழ்குகிறேன் என்றே நினைத்து இடது கையால் அடித்தேன். செல்வி வந்து படிக்குத் தள்ளினாள். மேலிருந்து கயிறும் இழுபட்டது. படியைக் கட்டிக்கொண்டு இருமினேன்.

"போதும் டீச்சர், மேல வந்துருங்க!" என்று அண்ணன் கத்தினார். அவர் குரலில் என்னைவிட அதிகப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்பு மோட்டார் குழாயைச் சரிபார்க்க இறங்கியவர் வழுக்கி விழுந்து, செல்வி வரும்வரை குழாயைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்றாம் படிக்குக் கீழே இறங்கியதே இல்லையாம். செல்வி இதை என் காதில் சொன்னாள்.

மேலேறிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று கவனித்தேன். வலி அந்த ஒரு வீச்சில்தான் வந்தது. இப்போது இல்லை. அப்படியென்றால் அந்த வீச்சு மட்டும்தான் வேண்டாம். மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது.

மல்லாந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போனதும் உலகம் அமைதியானது. கால் மட்டும் அசைத்தேன். வட்டமாக வெட்டிவைத்த வானம் தெரிந்தது, அதன் ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கும் அண்ணனும். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்து, இடது கையை நீட்டி, வலது கையை மார்புக்குக் கீழேயே வைத்துத் துழாவினேன். அசிங்கமான நீச்சல்தான். ஆனால் நகர்ந்தது. எதிர்ச் சுவரைத் தொட்டேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நாலாவது முறை செல்வியிடம் ஒரு கேனை அவிழ்க்கச் சொன்னேன். இன்னொன்றை நீந்தி முடிக்கும்வரை அவிழ்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் ஐந்தாம் படியில் நின்றார்.

"டீச்சர், காதுக்குள்ள தண்ணி போனா மூச்சு முட்டாதா?"

"முட்டாதுண்ணே. காது வேற, மூக்கு வேற. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. மொகத்த வானத்தப் பார்த்து வெச்சுட்டா மூக்கு மேலயே இருக்கும்."

"கீழ காலு எதையும் தொடாதுல்ல, அதுக்கு என்ன செய்யுறது?"

"தொடத் தேடாதீங்க. தேடும்போதுதான் உடம்பு செங்குத்தா நட்டுக்கும். இடுப்ப மேல தூக்குங்க, காலு தன்னால வந்துரும்."

செல்வி வாயைப் பிளந்தாள். "இருபது வருசமா தண்ணில படுங்க, படுங்கங்குறேன். இத யாராச்சும் சொல்லணுமாக்கும்!"

அவளால் சொல்ல முடியாது. பயந்த ஞாபகமே அவளுக்கு இல்லை. எனக்கோ அது அரைமணி நேரத்துக்கு முந்தைய ஞாபகம். எந்த இடத்தில் எது பயமுறுத்தும் என்று வரிசையாகத் தெரியும். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, நான் அவிழ்த்துக் கொடுத்ததோடு இரண்டு கேனையும் கட்டிக்கொண்டு, கடைசிப் படியைப் பிடித்தபடி இறங்கினார். ஒரு கையைச் செல்வி பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, பின்னந்தலையைத் தண்ணீரில் வைத்தார். கால் மேலே வந்தது. பத்து எண்ணும் நேரம் இருந்திருக்கும். "ஏ, செல்வி, மெதக்குறேன்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த மைனாக்கள் பறந்தன.

மதியம் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. இம்புட்டுச் சோறா என்று கேட்டுவிட்டு மறுசோறும் வாங்கினேன். நாலு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் வீடு சேர்ந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: டாக்டரிடம் எந்த அசைவு கூடாது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கிணறாக இருக்க வேண்டும். அவர்கள் அனுமதி வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீரில் உங்களோடு இருக்க வேண்டும். மோட்டார் இணைப்பைத் துண்டிக்காமல் காலை நனைக்காதீர்கள். தை, மாசியில் பதினோரு மணிக்கு மேல் வெயில் உள்ளே விழும். அதற்கு முன் தண்ணீரில் உடம்பு விறைக்கும். தலைகுப்புறக் குதிக்க வேண்டாம். பழைய வேகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இருக்கும் உடம்பை வைத்து என்ன நீச்சல் வருமோ, அதை நீந்துங்கள்.

மறுநாள் தோள் வலித்தது. உழைத்த வலிதான், மூட்டு வலி இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது செல்வியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணன்.

"டீச்சர், வார சனிக்கிழமை வாரீங்களா? நான் இறங்குனா இவ சிரிச்சே என்னைய முக்கிருவா."

வாரேன் அண்ணே என்றேன்.